73 நாட்கள் நின்ற புதிய ஹைபிரிட் கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவில்பட்டியில் வசிக்கும் ஓர் ஆசிரியை 2024 ஜனவரி இறுதியில் மதுரையில் உள்ள ஒரு ஷோரூமில், பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் புதிய ஹைபிரிட் கார் வாங்கினார். கணவர் கடலை மிட்டாய் மொத்த வியாபாரி. வீட்டில் இரண்டு குழந்தைகள், கண் நீர் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெறும் மாமனார். மாதம் இரண்டு முறையாவது அவரை மதுரை கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பெட்ரோல் செலவு குறையும் என்ற கணக்கில்தான் ஹைபிரிட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 22 லட்சத்துக்கு மேல் ஆனது. அதில் 15 லட்சம் ஐந்தாண்டு வங்கிக் கடன். மாதத் தவணை சுமார் 31,100 ரூபாய்.

கணவர் என்னிடம் பாலிடெக்னிக்கில் படித்தவர். நான் அங்கே பல ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன். வண்டி நின்ற அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். அன்று முதல் கடைசி நாள் வரை உடன் இருந்ததால் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் உண்டு. நிறுவனத்தின் பெயரையோ பணிமனையின் பெயரையோ சொல்லப்போவதில்லை. இதே காத்திருப்பில் இருக்கும் வேறு ஒருவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை: சாத்தூர் தாண்டி

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழி. எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியையும் சாத்தூரையும் கடந்து கோவில்பட்டியை நோக்கி வரும்போது, மாலை 4.10 மணிக்கு, ஹைபிரிட் அமைப்பில் கோளாறு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. சில நூறு மீட்டர் ஊர்ந்து வந்து, நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஓடியிருந்த தூரம் 9,412 கிலோமீட்டர்.

ஏசி இல்லாத காரில், ஆகஸ்ட் வெயிலில், கண்ணுக்கு மருந்து விட்ட முதியவரை உட்கார வைக்க முடியாது. அவரையும் குழந்தைகளையும் வழியில் வந்த பஸ்ஸில் ஆசிரியை ஊருக்கு அழைத்துச் சென்றார். கணவர் மட்டும் வண்டியோடு இருந்தார். ஓர விளக்குகள் நான்கும் மினுங்கிக்கொண்டே இருந்தன. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

சாலை உதவி எண்ணுக்குச் சொன்னபின் 6.20 மணிக்கு ஒரு ரிக்கவரி வண்டி வந்தது. கொக்கியும் கயிறும் மட்டும் உள்ள வண்டி. "அண்ணாச்சி, கயிறு கட்டி இழுத்துவிடலாம், ஒரு மணி நேரத்தில் திருநெல்வேலி போய்விடலாம்" என்றார் ஓட்டுநர். கணவர் அப்போதுதான் என்னை அழைத்தார்.

வேண்டாம் என்றேன். அந்தக் கார் முன்சக்கரங்களால் இயங்குவது. முன்சக்கரங்கள் மின் மோட்டாரோடு நிரந்தரமாகப் பிணைந்தவை. சக்கரம் தரையில் உருண்டால், அமைப்பு அணைந்திருந்தாலும் மோட்டார் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். ஏற்கெனவே கோளாறு காட்டும் அமைப்புக்குள் அந்த மின்சாரம் போவது ஆபத்து. முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டோ, முழு வண்டியையும் தட்டையான மேடையில் ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டிலும் இது இருக்கிறது. கணவர் மறுத்துவிட்டு மேடை வண்டிக்காகக் காத்திருந்தார். அது வரும்போது இரவு 8.45. நாலரை மணி நேரம் அந்தச் சாலையோரத்தில் நின்றிருக்கிறார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாத முடிவு இது ஒன்றுதான்.

முதல் பழுதுபார்ப்பு: தவறான இடத்தில் தேடியது

அருகில் உள்ள பணிமனை என்ற முறையில் வண்டி திருநெல்வேலிக்குப் போனது. 19-ஆம் தேதி திங்கட்கிழமை ஜாப் கார்டு, அதாவது பழுதுபார்ப்புப் பதிவுச் சீட்டு, போட்டார்கள். அதில் புகார் என்ற இடத்தில் எழுதப்பட்டது "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வரி. ஓடிக்கொண்டிருந்த வண்டி சக்தி இழந்து நின்றது என்றோ, திரையில் என்ன எச்சரிக்கை வந்தது என்றோ அதில் இல்லை.

உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் அந்தப் பணிமனையில் ஒருவர்தான். அவர் அன்று விடுப்பில் இருந்தார். இருந்தவர்கள் பார்த்தார்கள். 12 வோல்ட் துணை பேட்டரி இறங்கிக் கிடந்தது. அதைச் சார்ஜ் செய்து, பதிவாகியிருந்த கோளாறு எண்களை ஸ்கேனரில் அழித்தார்கள். வண்டி இயங்கியது. 21-ஆம் தேதி புதன்கிழமை "துணை பேட்டரியில் சார்ஜ் குறைவு" என்று எழுதி ஒப்படைத்தார்கள்.

அவர்களின் சந்தேகம் ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். இந்த வகை ஹைபிரிட் காரில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. துணை பேட்டரிதான் கணினிகளை விழிக்கச் செய்து, மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகளை மூடுகிறது. அது இறங்கினால் வண்டி தயார் நிலைக்கே வராது. ஆனால் ஓடும் வண்டிக்கு அந்த 12 வோல்ட்டைப் பெரிய பேட்டரியே ஒரு மாற்றி வழியாகத் தந்துகொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் போகும்போது துணை பேட்டரி இறங்குவது எளிதில் நடக்காது. அது இறங்கியது சாலையோரத்தில், நாலரை மணி நேரம் மினுங்கிய விளக்குகளால். அதாவது பழுதின் விளைவைப் பழுதின் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். எண்களை அழித்ததோடு, நின்ற நொடியில் கணினி பதிந்து வைத்திருந்த வெப்பநிலை, வேகம் போன்ற அளவுகளும் போய்விட்டன. அச்சுப் பிரதி எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல நாங்களும் அங்கே இல்லை.

வண்டி அன்று ஓடியதற்கு வேறு காரணம் இருந்தது. இரண்டு நாட்கள் நின்றதில் அது முழுவதும் குளிர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 24: அசையாத கூலன்ட்

சனிக்கிழமை மதியம் கயத்தாறு அருகே, அதே எச்சரிக்கையோடு வண்டி மறுபடி நின்றது. மேடை வண்டியில் அதே பணிமனைக்குப் போனது. இந்த முறை நானும் போனேன். பயிற்சி பெற்ற டெக்னீசியனும் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பொறுமையான இளைஞர். எண்களை அழிக்கும் முன் அச்சுப் பிரதி கேட்டேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். பி0ஏ93 என்று இருந்தது. இன்வெர்ட்டரின் குளிர்விப்பு சரியாக நடக்கவில்லை என்பதைக் குறிக்கும் எண் அது.

பேட்டரியில் உள்ள நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாறு மின்சாரமாக்குவது இன்வெர்ட்டர். அந்த வேலையில் அது சூடாகும். அதைக் குளிர்விக்க, என்ஜின் குளிர்விப்போடு சேராத தனிச் சுற்று ஒன்று இந்த வண்டியில் இருக்கிறது. அந்தச் சுற்றில் கூலன்ட்டை ஓட்டுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின் பம்ப்.

பானெட்டைத் திறந்து, வண்டியைத் தயார் நிலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். இன்வெர்ட்டர் அருகே உள்ள சிறிய கூலன்ட் தொட்டியின் மூடியை, சுற்று ஆறியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அந்த இளைஞர் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். பம்ப் வேலை செய்தால் உள்ளே இளஞ்சிவப்பு நீர் சுழித்துக்கொண்டே இருக்கும். இங்கே அது ஆடாமல் அசையாமல் கிடந்தது. டார்ச் வெளிச்சம் அதில் ஒரு வட்டமாக அப்படியே நின்றது. பம்பின் உடலில் விரல் வைத்தால் அதிர்வும் இல்லை. பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்தார், வந்தது. பம்ப் செத்துவிட்டது என்று உறுதியானது. இதற்கு எடுத்த நேரம் பத்து நிமிடம். 19-ஆம் தேதியே செய்திருக்கலாம்.

பம்ப் சென்னையில் இருந்தது, 31-ஆம் தேதி வந்தது. செப்டம்பர் 2 அன்று பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது வேறொரு எண் வந்தது: பி0ஏ78. இன்வெர்ட்டரே சரியாக இயங்கவில்லை. உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு உறை போட்ட கம்பிகள் எல்லாவற்றையும், இணைப்புகளையும் அவர் முறைப்படி சோதித்தார். முழு இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவு சரி என்றே எனக்கும் பட்டது. பம்ப் இல்லாமல் இரண்டாவது முறை ஓட்டியதால்தான் இன்வெர்ட்டர் போனதா என்பதை நிரூபிக்க வழி இல்லை. ஆனால் குளிர்விப்பு இல்லாமல் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அதற்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் முறையே தொட்டியைத் திறந்து பார்த்திருந்தால் பம்போடு முடிந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

வாரண்டி குறித்து ஒரு விளக்கம்

ஹைபிரிட் பாகங்கள் எல்லாவற்றுக்கும் எட்டு ஆண்டு வாரண்டி என்று ஆசிரியை நினைத்திருந்தார். விற்கும்போது அப்படித்தான் அவர் காதில் விழுந்தது. வாரண்டிப் புத்தகத்தில் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது உயர் மின்னழுத்த பேட்டரிக்கு மட்டும். இன்வெர்ட்டரும் பம்பும் மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்ற பொது வாரண்டியில் வருகின்றன. ஏழாவது மாதத்தில் நடந்ததால் பாதிப்பு இல்லை. நான்காவது ஆண்டில் நடந்திருந்தால் இன்வெர்ட்டரின் விலை முழுவதும் இவர்கள் தலையில் விழுந்திருக்கும்.

காப்பீட்டில் கேட்கலாமா என்று கணவர் விசாரித்தார். விபத்து இல்லாமல் தானே பழுதாகும் பாகங்களை வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை.

செப்டம்பர் 2 முதல் 25 வரை: போடாத ஆர்டர்

"ஆர்டர் போட்டாகிவிட்டது மேடம், மூன்று வாரத்தில் வந்துவிடும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னார். நம்பினோம். 9-ஆம் தேதி கேட்டபோதும், 16-ஆம் தேதி கேட்டபோதும் "வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்துகொண்டிருக்கிறது" என்ற பதில்.

மூன்று வாரம் முடிந்த 23-ஆம் தேதி நேரில் போனோம். ஆசிரியை அரை நாள் விடுப்பு எடுத்து வந்தார். பாகத்தின் எண் என்ன, ஆர்டர் எண் என்ன, ஆர்டர் போட்ட தேதி என்ன என்ற மூன்றை மட்டும் கேட்டேன். அட்வைசர் கணினியில் தேடினார். பிறகு உதிரிபாகப் பிரிவுக்குப் போனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. ஆர்டரே போடப்படவில்லை.

நடந்தது இதுதான். விலை உயர்ந்த பாகம் என்பதால், வாரண்டியில் மாற்ற நிறுவனத்தின் வட்டார அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வந்தால்தான் ஆர்டர். பணிமனை 3-ஆம் தேதி விண்ணப்பித்தது. வட்டார அலுவலகம் 6-ஆம் தேதி, ஸ்கேனர் பதிவுகளும் படங்களும் கூடுதலாக வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் அனுப்ப வேண்டிய டெக்னீசியனை வேறு கிளைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மின்னஞ்சல் 17 நாட்கள் யாராலும் திறக்கப்படாமல் கிடந்தது.

அட்வைசர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. விண்ணப்பம் போனதையே அவர் ஆர்டர் என்று எண்ணியிருந்தார். ஆனால் ஆசிரியையின் முகம் அந்த நேரத்தில் மாறியதைப் பார்த்தேன். மூன்று வாரமாக வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், மாமனாரை வாடகைக் காரில் மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். "நான் தினமும் கேட்டிருந்தால் வந்திருக்குமா சார்?" என்று என்னிடம் கேட்டார். தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொள்ளும் அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் வரவில்லை.

பாகம் வரும் வரை காத்திருப்பது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு காத்திருப்புகள் இருக்கின்றன. ஒன்று காகிதம் நகர்வதற்கு. மற்றொன்று பெட்டி வந்து சேர்வதற்கு. இரண்டாவதை வாடிக்கையாளர் பெரிதாகக் குறைக்க முடியாது. முதலாவதைக் குறைக்க முடியும். எந்தக் காத்திருப்பில் இருக்கிறோம் என்பதே எங்களுக்கு 21 நாட்கள் தெரியாமல் இருந்தது.

கடிதமும் அதன் பின்னும்

செப்டம்பர் 24 அன்று ஒரு கடிதம் எழுதினோம். பணிமனைக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. ஒன்றரைப் பக்கம். தேதிவாரியாக நடந்தவை, ஜாப் கார்டு எண்கள், கோளாறு எண்களின் அச்சுப் பிரதி. கேட்டவை நான்கு: ஆர்டர் எண்ணும் தேதியும் எழுத்தில் வேண்டும், பாகத்தை விமானத்தில் வரவழைக்க வேண்டும், வண்டி வரும் வரை மாற்று வண்டி வேண்டும், நின்ற காலத்துக்கு ஈடாக வாரண்டியை நீட்டிக்க வேண்டும்.

விமானம் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. "உயர் மின்னழுத்தப் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கப்பலில்தான் வரும்" என்று உதிரிபாகப் பிரிவில் சொன்னார்கள். அந்தத் தடை லித்தியம் பேட்டரிக்கு உரியது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது, பொதி 35 கிலோவுக்கு மேல் போனால் தனி அனுமதி வேண்டும். இன்வெர்ட்டரில் பேட்டரி கிடையாது. அது உலோகப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பொருள், விமானத்தில் வரத் தடை இல்லை. கடிதத்தில் இதை இரண்டு வரியில் விளக்கினேன்.

வண்டியையே மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்பது கணவரின் விருப்பம். அந்தக் கோபம் நியாயமானது. புது வண்டிக்குக் கொடுத்த பணம் அது. ஆயினும் கடிதத்தில் அதை எழுத வேண்டாம் என்றேன். பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்ற வகையில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கிடைக்காததைக் கேட்டால், கிடைக்கக்கூடிய நான்கையும் பற்றிப் பேசாமல் அந்த ஒன்றையே மறுத்துப் பதில் எழுதுவார்கள்.

மறுநாள், 25-ஆம் தேதி, ஒப்புதலும் வந்தது, ஆர்டரும் போடப்பட்டது. ஆர்டர் எண் மின்னஞ்சலில் வந்தது. 22 நாட்கள் நகராதது ஒரே நாளில் நகர்ந்தது.

மாற்று வண்டி குறித்து மட்டும் பதில் இல்லை. அக்டோபர் 1 அன்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அதன்பின் நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். பேச்சின் நடுவே, வண்டியை வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டார். சாதாரணக் கேள்வி போல் இருந்தாலும் அதன் பொருள் பெரிது. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு, அது தன் பிழைப்புக்கான சுயதொழிலாக இருந்தாலொழிய, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது. வண்டி ஆசிரியையின் பெயரில், குடும்பப் பயன்பாட்டுக்கு வாங்கியது. உண்மையை அப்படியே சொன்னார்கள்.

9-ஆம் தேதி ஒரு சிறிய பெட்ரோல் கார் மாற்றாக வந்தது. இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. புது வண்டிக்கு வரும் முதல் ஆயுத பூஜை என்று மாமனார் வாங்கி வைத்திருந்த மாலையை அந்த இரவல் வண்டிக்கே போட்டார்கள்.

வண்டி திரும்பியது

இன்வெர்ட்டர் அக்டோபர் 26 அன்று விமானம் வழியாக வந்து சேர்ந்தது. பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் வரை காத்திருந்து, காப்புக் கையுறையோடு அதே இளைஞர் மாற்றினார். கூலன்ட் நிரப்பி, சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்றி, தொட்டியைத் திறந்து காட்டினார். நீர் சுழன்றது. கங்கைகொண்டான் வரை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். 29-ஆம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, வண்டி வீட்டுக்கு வந்தது.

முதல் முறை நின்றதிலிருந்து மொத்தம் 73 நாட்கள். பழுது எது என்று கண்டுபிடிக்க 16, ஒப்புதலுக்கு 23, பாகம் வந்து சேர 31, பொருத்த 3. வண்டி ஓடாத காலத்தில் இரண்டு கடன் தவணைகள் கட்டினார்கள், 62,000 ரூபாய்க்கு மேல். மதுரைக்கு நான்கு முறை வாடகைக் கார், 16,800 ரூபாய்.

நிறுவனம் வாரண்டியை ஓராண்டு நீட்டித்து எழுத்தில் கொடுத்தது. வாடகைக் கார் செலவைத் தர மறுத்தது. பணிமனை அடுத்த இரண்டு சர்வீஸுக்கும் கட்டணம் வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து. 2019 சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே, இவர்களுக்குத் தூத்துக்குடியில், வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 20 முதல் 50 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆசிரியை வேண்டாம் என்றார். தேர்வுக் காலம், மாமனாரின் சிகிச்சை, இன்னொரு அலைச்சலுக்குத் தெம்பில்லை என்றார். அவர் முடிவை மதிக்கிறேன். முதல் பழுதுபார்ப்பின் அலட்சியத்துக்கு யாரும் பதில் சொல்லாமல் போனது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

மீண்டும் நடந்தால் என்ன செய்வோம்

ஜாப் கார்டில் புகாரை நாங்களே சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம். வண்டி எப்படி நின்றது, எவ்வளவு தூரம் ஓடிய பின் நின்றது, திரையில் என்ன வந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எச்சரிக்கைத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வோம். எண்களை அழிக்கும் முன் அச்சுப் பிரதி கேட்போம். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் யாரும் தருவதில்லை.

பயிற்சி பெற்றவர் இல்லாத நாளில் பழுதுபார்க்க அனுமதிக்க மாட்டோம். இரண்டு நாள் தாமதம் ஆனாலும் அவர் வரும் வரை பொறுத்திருப்போம்.

கடிதத்தை 38-ஆம் நாள் எழுதினோம். பாகம் இல்லை என்று தெரிந்த செப்டம்பர் 2 அன்றே எழுதியிருக்க வேண்டும். தாமதம் என் தவறு. பணிமனையோடு சண்டை என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கினேன். கடிதம் போன பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த இளைஞர் உள்பட இருவர், கடிதம் வந்ததால் தங்களுக்கும் மேலே பேசுவது எளிதாயிற்று என்றே சொன்னார்கள். ஆர்டர் எண் கேட்பதற்கு மூன்று வாரம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஒப்புதல் வந்துவிட்டதா, இல்லை விண்ணப்பம் மட்டும்தான் போயிருக்கிறதா என்று இரண்டாம் நாளே கேட்கலாம்.

கழற்றிய பழைய இன்வெர்ட்டரை நிறுவனம் ஆய்வுக்கு எடுத்துச் சென்றது. அது எதனால் போனது என்ற அறிக்கையைக் கேட்டு ஆசிரியை நவம்பரில் ஒரு கடிதமும் 2025 பிப்ரவரியில் ஒரு கடிதமும் அனுப்பினார். இரண்டுக்கும் ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. அறிக்கை இன்னும் வரவில்லை.